எடுவார்டோ பாசினி

மக்களுடலுக்கு வரும் நோய்களுள் பிறர்க்கு எளிதிற் சொல்லத்தக்கன சில. சொல்ல நாணி மறைக்கப்படுவன சில. தலைநோவுற்றவன் தன் வருத்தத்தை உற்றாரிடத்தும் அயலாரிடத்தும் கூறி ஆறுதல் பெறுகின்றான். தொடையிடுக்கில் வலியும் வீக்கமும் கொண்டவனோ, தன் மனைவிக்கும் உரையாது, உடையை இறுகக் கட்டிக்கொண்டு சுமை தூக்கவும் நிலம் உழவும் செல்கின்றான். அவ்வலி நாளடைவில் அவன் தொழிலைக் கெடுக்கின்றது. தொழில் கெடவே குடும்பம் நலிகின்றது. சிலபோது அந்நோய் ஓரிரவிற்குள் உயிர்க்கே இறுதியாய் முடிகின்றது. குடலிறக்கம் என்று நாமும், ஹெர்னியா என்று மேனாட்டு வைத்தியரும் வழங்குவது இந்நோயையே. ஆடவர் நால்வருள் ஒருவர்க்கேனும் வாழ்நாளில் இது தோன்றக்கூடும் என்று இக்காலத்து ஆராய்ச்சியாளர் கணக்கிட்டுள்ளனர். மகளிர்க்கும் இஃது உண்டாயினும் மிகக் குறைவேயாம்.

இத்துணைப் பொதுவான நோய்க்கு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை நிலையான பரிகாரம் இல்லாதிருந்தது. அப்பரிகாரத்தை உலகிற்கு உதவியவர் இத்தாலி நாட்டு ரண வைத்தியராகிய எடுவார்டோ பாசினி என்பவர். இளமையில் போர்க்களத்திலே தம் தொடையிடுக்கில் துப்பாக்கி முனையின் ஈட்டியாற் குத்துண்டு, உயிருக்கு மன்றாடிப் பிழைத்தவர் அவர். தாம் எவ்விடத்திற் குத்துண்டாரோ, அவ்விடத்தையே பிறர்க்குச் செம்மைசெய்து தருவதில் தம் புகழை நிறுத்திய அப்பெரியாரது வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

பிறப்பும் கல்வியும்

பாசினி 1844ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் வட இத்தாலியிலுள்ள பவியா நகரிற் பிறந்தார். இத்தாலி என்று ஒரு தனி அரசு அந்நாளில் இல்லை. பவியா அடங்கிய லம்பார்டி நாடு ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. நடு நாட்டை ரோமாபுரியிலிருந்து போப்பரசர் ஆண்டனர். ஏனைய பகுதிகள் வெவ்வேறு மன்னர்களின் கையில் இருந்தன. பாசினி பதினைந்து வயதுச் சிறுவராய் இருந்தபோது, 1859இல் நிகழ்ந்த போரின் பயனாய் லம்பார்டி விடுதலை பெற்றது. 1861இல் இத்தாலிய அரசு நிறுவப்பட்டது. ஆயினும் வெனிஸ் நகரும் ரோமாபுரியும் அவ்வரசின்கண் சேராதிருந்தமையால், அவற்றையும் சேர்த்தாலன்றி நாடு முழுமை பெறாது என்னும் எண்ணம் இளைஞர் உள்ளங்களிலெல்லாம் கனன்றுகொண்டிருந்தது.

பவியா பழமையான பல்கலைக்கழகம் உடைய நகரம். உடற்கூற்று நூலில் வல்லுநராகிய அந்தோனியோ ஸ்கார்ப்பா அங்கே நெடுங்காலம் கற்பித்தவர். குடலிறக்கத்தைப் பற்றி அழகிய படங்களுடன் 1809இல் ஒரு பெருநூலை அவர் வெளியிட்டிருந்தார். அவர்தம் மாணாக்கர் லூயிஜி போர்ட்டா. அப்போர்ட்டா ரண வைத்தியப் பேராசிரியராய் விளங்கிய நாளில் பாசினி அப்பல்கலைக்கழகத்திற் பயின்று, 1866இல், தமது 22ஆம் வயதில், வைத்தியப் பட்டம் பெற்றார். ஸ்கார்ப்பாவின் ஆராய்ச்சி போர்ட்டாவின் வாயிலாகப் பாசினிக்கு வழிவழியாய் வந்தடைந்த செல்வம் எனலாம். ஆனால் அச்செல்வத்தைப் பயன்படுத்துமுன் அவர் வேறொரு பள்ளியிற் பயில வேண்டியிருந்தது.

வில்லா குளோரிப் போர்

பட்டம் பெற்ற இளைஞர் மருந்துப் பெட்டியை ஏந்தாது துப்பாக்கியை ஏந்தினார். நாட்டு விடுதலை வீரராகிய கரிபால்டியின் தொண்டருள் ஒருவராய்ச் சேர்ந்தார். வைத்தியராயன்றிக் காலாட்படை வீரராகவே சேர்ந்தார்.

1867ஆம் ஆண்டில் கரிபால்டியின் தொண்டர்கள் ரோமாபுரியைக் கைப்பற்ற முயன்றனர். பவியா நகரத்துக் கைரோலி குடும்பத்துச் சகோதரராகிய என்ரிக்கோ, ஜியோவன்னி என்னும் இருவரும் ஏறக்குறைய 70 பேர் கொண்ட ஒரு சிறு படையைத் திரட்டினர். நகரத்தினுள்ளே கிளர்ச்சி செய்வோர்க்குப் படைக்கலங்களைக் கொண்டுசேர்ப்பதே அவர்தம் நோக்கம். டைபர் ஆற்றின் வழியே வந்து, நகருக்கு அண்மையிலுள்ள வில்லா குளோரி என்னும் குன்றின்மீது அவர்கள் தங்கினர். உள்ளிருந்து எதிர்பார்த்த உதவி வரவில்லை. அக்டோபர் 23ஆம் நாள் போப்பரசரின் படை அவர்களைக் கண்டு தாக்கியது. என்ரிக்கோ கைரோலி களத்திலேயே மாண்டார். ஜியோவன்னி பட்ட காயங்களால் நலிந்து 1869இல் இறந்தார். அவர்களுடைய அன்னையார் அதற்கு முன்னரே வேறு இரு புதல்வரை நாட்டு விடுதலைப் போரில் இழந்திருந்தவர்.

அக்களத்திலே பாசினியின் வலத் தொடையிடுக்கில் ஈட்டி பாய்ந்தது. அது வயிற்றுச் சுவரைத் துளைத்துச் சென்று, பெருங்குடல் தொடங்கும் இடத்தைக் கிழித்துவிட்டது. வீழ்ந்து கிடந்த அவரைப் பகைவர் சிறைப்பிடித்து ரோமாபுரியிலுள்ள மருத்துவமனையிற் சேர்த்தனர்.

குடல் கிழிபட்டவர் உயிர் பிழைப்பது அந்நாளில் அரிதினும் அரிது. குடலினுள் உள்ள மலம் வயிற்றறைக்குள் சிந்துமாயின், உள்ளே அழற்சி பரவிச் சில நாட்களில் மரணம் நேரும். பாசினியைக் காத்தது அக்காயத்தின் அமைப்பே. மலம் உள்ளே சிந்தாது, புண்ணின் வழியே வெளியே ஒழுகலாயிற்று. காண்பதற்கும் நாறுவதற்கும் வெறுக்கத்தக்க அவ்வொழுக்கே அவர் உயிர்க்கு அரணாய் நின்றது. ஆயினும் அஃது ஆறாத புழைப்புண்ணாய்ப் பல திங்கள் அவரை வருத்திற்று. இளமையும் கல்வியும் ஆண்மையும் ஒருங்கே வாய்ந்த ஒருவர், தம் ஆடையிலும் படுக்கையிலும் மலம் படியப் பிறர் உதவியை நாடிக் கிடப்பதனினும் மனத்தை ஒடுக்குவது வேறு யாதுளது?

விடுதலை பெற்றபின் பாசினி பவியாவிற்குத் திரும்பித் தம் ஆசிரியராகிய போர்ட்டாவிடமே நோயாளியாய்ச் சேர்ந்தார். போர்ட்டாவின் பொறுமையான சிகிச்சையினாற் புண் ஆறியது. ரண வைத்தியத்தை ஏட்டிலே படித்து வந்தவர், படுக்கையிற் கிடந்து அதனைத் தம் உடம்பிலே படித்துக்கொண்டார்.

பிறநாடுகளிற் கற்றமை

உடல் தேறியபின் பாசினி மீண்டும் படைக்குச் செல்லவில்லை. போர்ட்டாவின் உதவியாளராய் அமர்ந்து ரண வைத்தியத்தையே தம் வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டார். தம் நாட்டிற் கற்றது போதாது என உணர்ந்து, அக்காலத்துப் பேரறிஞர்களை நாடிப் பயணஞ் செய்தார். வியன்னாவிலே பில்ராத், பெர்லினிலே லாங்கன்பெக், மியூனிக்கிலே நுஸ்பாம், பிரிட்டனிலே லிஸ்டர், ஸ்பென்சர் வெல்ஸ் ஆகியோரை அடுத்து, அவர்தம் கைத்திறனையும் மருத்துவமனை ஒழுங்கையும் கண்டறிந்தார்.

இவருள் லிஸ்டரிடம் கற்றதே தலையாயது. புண்ணிற் சீழ் பிடிப்பதற்குக் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களே காரணம் என்றும், கார்பாலிக் அமிலம் முதலியவற்றால் அவற்றைத் தடுக்கலாகும் என்றும் லிஸ்டர் நிறுவினார். அவர் தம் கொள்கையை முதன்முதல் வெளியிட்டது 1867இல். பாசினி வில்லா குளோரியிற் குத்துண்டதும் அவ்வாண்டிலேயே. தூய்மை என்னும் இவ்வொரு கொள்கை இல்லையாயின், பின்னர்ப் பாசினி செய்தவற்றுள் ஒன்றும் நிலைத்திராது. தையலிட்ட இடத்திற் சீழ் பிடிக்குமாயின் தையல் அறுந்து தசை விலகிவிடும் அன்றோ?

இத்தாலிக்கு மீண்டவர் லா ஸ்பெட்சியா என்னும் துறைமுக நகரின் மருத்துவமனையில் ரண வைத்தியத் தலைவராய்ப் பணியாற்றினார். பின்னர் 1878இல் பாதுவா நகரத்துப் பல்கலைக்கழகத்தை அடைந்தார். குருதியோட்டத்தை உலகிற்கு விளக்கிய ஹார்வி 1602இல் பட்டம் பெற்ற பழம்பெருங் கழகம் அது. அங்கே 1882இல் பேராசிரியர் பதவி பெற்று, 1888இல் ரண சிகிச்சைத் துறையின் தலைமைப் பேராசிரியரானார்.

நோயின் இயல்பும் பழைய சிகிச்சையும்

பாசினியின் பெருமையை உணர வேண்டுமாயின், நோயின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். ஆண்மகவு தாயின் வயிற்றில் வளருங்காலத்து, விரைகள் முதலில் வயிற்றினுள்ளே தோன்றிப் பின்னரே கீழிறங்குகின்றன. அவை இறங்குவதற்கென வயிற்றுச் சுவரின் கீழ்ப்பகுதியிலே, தொடையிடுக்கிற்குச் சற்று மேலே, சாய்வான ஒரு வழி அமைந்திருக்கின்றது. வளர்ந்த மனிதரிடத்து அதன் நீளம் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர். குருதிக் குழாய்களும் விந்துக் குழலும் சேர்ந்து கயிறு போலாகி அதன் ஊடே செல்கின்றன. வழி சாய்ந்திருத்தலின், நாம் இருமும்போதும் சுமை தூக்கும்போதும் அதன் முன்சுவரும் பின்சுவரும் ஒன்றோடொன்று நெருங்கி அடைத்துக்கொள்ளும். இஃது இயற்கை அமைத்த காவல்.

இக்காவல் தளர்ந்தவிடத்து, வயிற்றினுள்ளே உள்ள மெல்லிய சவ்வு பைபோலப் பிதுங்கி வழியினுள் இறங்கும். அதனுள்ளே குடலும் இறங்கும். முதலில் நிற்கும்போது சிறு வீக்கமாய்த் தோன்றிப் படுத்தால் மறையும். பின்னர் இழுப்பது போன்ற வலி உண்டாகும். இறங்கிய குடல் மேலே செல்லமாட்டாது இறுகிக்கொள்ளுமாயின், அதற்குக் குருதி செல்லாது, வாந்தியும் பொறுக்கலாகா வலியும் தோன்றும், குடல் அழுகும், விரைந்து சிகிச்சை செய்யாவிடின் உயிர் நீங்கும்.

இதற்குப் பண்டைக்காலத்தார் செய்த சிகிச்சைகள் கேட்பதற்கே அச்சந் தருவன. பழுக்கக் காய்ச்சிய இரும்பாற் சுடுதலும், விரையையே அறுத்தெறிதலும் அவற்றுட் சில. பெரும்பாலோர்க்குத் தோலும் இரும்பும் கொண்டு செய்த கச்சையே துணையாயிருந்தது. வீக்கத்தை வெளியிலிருந்து அமுக்கி நிறுத்துவதன்றி, அது நோயைத் தீர்க்கவல்லதன்று. வெயிற்காலத்தில் தோலைப் புண்ணாக்கும். சற்று நழுவினால் குடல் அதன் கீழே நசுங்கும். மயக்க மருந்தும் லிஸ்டரின் முறையும் வந்தபின் வைத்தியர் பலர் துணிந்து அறுவை செய்யலாயினர். அவர்கள் பையைக் கட்டி நீக்கிவிட்டு வெளித் துவாரத்தைச் சுருக்கித் தைத்தனர். ஆயினும் மிகப் பலர்க்கு ஓரிரு ஆண்டுகளில் நோய் மீண்டது. ஆதலால் அறுவை முடிந்த பின்னரும் கச்சை அணியுமாறு வைத்தியர் பணித்தனர். அறுத்தும் கச்சை, அறாவிடினும் கச்சை என்றால், ஏழைத் தொழிலாளி கத்திக்கு உடன்படுவது எதற்காக?

பாசினி கண்ட முறை

பிறர் துவாரத்தை அடைக்க முயன்றனர். பாசினியோ இயற்கையின் வழியையே திரும்பக் கட்ட முயன்றார். அவ்வழிக்கு உள்வாயில் ஒன்றும் வெளிவாயில் ஒன்றும் உண்டு. முன்சுவர் ஒன்றும் பின்சுவர் ஒன்றும் உண்டு. நோயாளியிடத்துத் தளர்ந்து போயிருப்பது பின்சுவர். வெளிவாயிலை எத்துணை இறுக்கினும், பின்சுவர் தளர்ந்திருக்குமளவும் குடல் இறங்கியே தீரும். கூரை ஒழுகும் வீட்டில் வாயிற்கதவைச் சார்த்துவதனால் யாது பயன்?

ஆதலின் அவர் முதலில் முன்சுவரை வழியின் நீளம் முழுதும் திறந்தார். கயிறு போன்ற உறுப்பை ஊறுபடாது விலக்கினார். சவ்வுப் பையைப் பிரித்து, அதன் கழுத்தை உள்வாயிலின் மட்டத்திலே உயரக் கட்டி நீக்கினார். பின்னர்ப் பின்சுவரையும் திறந்து, உட்பக்கத்திலுள்ள இரு தசைகளையும் அவற்றின் கீழுள்ள உறுதியான ஏட்டையும், ஆக மூன்றடுக்கையும் ஒன்றாகச் சேர்த்து, தொடையிடுக்கின் எல்லையாய் நீண்டு கிடக்கும் நாணோடு பட்டு நூலால் தனித்தனித் தையல்களாகத் தைத்தார். இங்ஙனம் புதிய பின்சுவர் எழுந்தது. அதன்மேல் கயிற்றுறுப்பை முன்போற் கிடத்தி, முன்சுவரை அதன்மேல் மூடித் தைத்தார். வழி பழைய சாய்வோடு நின்றது, காவலும் மீண்டது, விரையும் காக்கப்பட்டது.

இம்முறையில் அவர் முதன்முதல் அறுவை செய்தது 1884ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், கிறிஸ்து பிறந்த திருநாளின் முன்னாள், என்பர்.

தோல்வியையும் எண்ணியவர்

புதுமுறை கண்டவர் பலர் முதல் வெற்றியிலேயே முரசு கொட்டுவர். பாசினி அங்ஙனம் செய்தாரல்லர். இரண்டாண்டுகளுக்கு மேலாக அமைதியாய்ச் சிகிச்சை செய்து வந்து, 1887இல் ஜெனோவா நகரிற் கூடிய இத்தாலிய ரண வைத்தியர் பேரவையில் தம் முறையை எடுத்துரைத்தார். 1889இல் அதனைப் பற்றிய தனி நூலை வெளியிட்டார். 1890இல் ஜெர்மானிய மொழியிலும் எழுதினார். அதன் பின்னரே உலகம் அவரைக் கண்டது.

அவர் எழுதியவற்றுள் வியக்கத்தக்கது சிகிச்சை முறை மட்டுமன்று. அவர் வைத்திருந்த கணக்குமாம். 262 அறுவைகளை ஒவ்வொன்றாகக் குறித்து, நோயாளர் வீடு திரும்பிய பின்னரும் அவர்தம் நிலையைத் தேடி அறிந்து எழுதினார். சிலரை நாலரை ஆண்டுகள் வரையில் தொடர்ந்து கவனித்தார். அத்துணைப் பேருள் நோய் மீண்டவர் பத்துப் பேரினும் குறைவு. சீழ் பிடித்தவர் இத்துணையர் என்பதையும், நோய் மீண்டவர் இத்துணையர் என்பதையும் அவர் மறைக்கவில்லை. அறுவைக்குப் பின் கச்சை வேண்டுவதில்லை என்று அவர் துணிந்து கூறியது இக்கணக்கின் வலிமையாலேயே. தம் கையினின்றும் அகன்ற நோயாளியைப் பற்றி மறந்துவிடுதல் எளிது. அவன் நலமாயிருக்கின்றான் என எண்ணிக்கொள்ளுதல் அதனினும் எளிது. பாசினி அவ்விரண்டையும் செய்யாமையே அவருடைய உண்மையான வெற்றி என்று கூறுவோம்.

பின்வந்தோர்

ஏறக்குறைய இதே காலத்தில் அமெரிக்காவில் பால்ட்டிமோர் நகரத்து ஹால்ஸ்டெட் என்பவரும் இதனை ஒத்த முறையொன்றைத் தாமே கண்டு 1889இல் வெளியிட்டார். எனினும் உலகெங்கும் பரவி நின்றது பாசினியின் பெயரே.

பெயர் பரவியதுபோல முறை பரவவில்லை என்பது வருந்தத்தக்கது. பின்சுவரைத் திறந்து மூன்றடுக்கையும் சேர்த்துத் தைப்பது நேரமும் நுண்மையும் வேண்டுவது. வேற்றுநாட்டு வைத்தியர் பலர் அதனை விடுத்து, மேலே தோன்றும் தசையின் விளிம்பை மட்டும் நாணோடு இழுத்துத் தைத்து, அதற்கும் பாசினி முறை என்றே பெயரிட்டனர். நோய் மீண்டவர் தொகை பெருகிற்று; பழி பாசினியைச் சார்ந்தது. அவருடைய மாணாக்கராகிய அத்திலியோ கத்தெரினா, 1930களில், ஆசிரியர் செய்தவாறே ஒவ்வொரு படியையும் வண்ணப் படங்களுடன் விளக்கி ஒரு நூல் வெளியிட்டு அப்பழியைத் துடைத்தார். பின்னர்க் கானடா நாட்டு டொரண்டோ நகரில் ஷோல்டைஸ் என்பவர் பின்சுவரைத் திறந்து அடுக்கடுக்காய்த் தைக்கும் முறையை வளர்த்துச் சிறந்த பயன் கண்டார். 1980களில் லிச்டென்ஸ்டைன் என்னும் அமெரிக்கர், தசைகளை இழுத்துத் தைக்காது செயற்கை வலையொன்றைப் பதித்துச் சுவரை வலுப்படுத்தும் முறையை நிலைநாட்டினார். அதன்பின் சிறு துவாரங்களின் வழியே கருவிகளைச் செலுத்திச் செய்யும் முறையும் வந்தது. இன்று உலகில் ஆண்டுதோறும் 2 கோடிக்கு மேற்பட்ட தொடையிடுக்குக் குடலிறக்க அறுவைகள் நிகழ்கின்றன. பின்சுவரே உறுதிப்படுத்தற்குரியது என்னும் பாசினியின் கருத்து இவை பலவற்றிற்கும் அடிப்படையாய் நிற்கின்றது.

எனினும் பணி முற்றுப்பெற்றது என்று கூறுவதற்கில்லை. நோய் மீளாது ஒழிந்தபோதிலும், அறுவை செய்துகொண்டவருள் பத்தில் ஒருவர்க்குத் தொடையிடுக்கு வலி பல திங்கள் நிலைத்துவிடுகின்றது. அவ்விடத்தே செல்லும் மெல்லிய நரம்புகள் தையலில் அகப்படுதலும் புண்படுதலும் அதற்குரிய காரணங்களுட் சில. குடல் மீண்டும் இறங்கவில்லை என்று வைத்தியர் மகிழ்ந்து கைகழுவிவிட்டால், இவ்வலி எவர் கணக்கிலும் ஏறாது. நோயாளியைப் பின்தொடர்ந்து சென்று கேட்டறிந்தாலன்றோ அது வெளிப்படும்? பாசினியின் கணக்கேட்டினது தேவை இன்னும் தீரவில்லை.

இறுதிக்காலம்

1904இல் இத்தாலிய மன்னர் பாசினியைச் செனட் சபை உறுப்பினராக்கிச் சிறப்பித்தார். எந்த ரோமாபுரியின் வாயிலில் அவர் குத்துண்டு வீழ்ந்தாரோ, அது 1870இலேயே இத்தாலியோடு சேர்ந்து, பின்னர் அதன் தலைநகராய் விளங்கிற்று. கைதியாய்க் கிடந்த நகருக்குச் சபை உறுப்பினராய்ச் சென்ற பேறு அவருக்கு வாய்த்தது. 1919வரை பாதுவாவிற் கற்பித்துத் தமது 75ஆம் வயதில் ஓய்வு பெற்றார். 1924ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள், வெரோனாவிற்கு அண்மையிலுள்ள விகாசியோ என்னும் ஊரில், தமது 80ஆம் வயதில் உயிர் நீத்தார்.

போரிற் பட்ட காயத்தைப் பலர் வாழ்நாள் முழுதும் பிறர்க்குக் காட்டிப் பெருமை கொள்வர். சிலர் அதனை எண்ணி எண்ணிப் பகை வளர்ப்பர். பாசினி இரண்டும் செய்யவில்லை. நாணத்தால் மறைந்து கிடந்த ஒரு துன்பத்தை வெளிச்சத்திற்குக் கொணர்ந்து, பொறுமையாய் ஆராய்ந்து, தீர்த்துவைத்தார். சுமை தூக்கிப் பிழைக்கும் தொழிலாளி ஒருவன் அறுவைக்குப்பின் கச்சையைக் கழற்றி எறிந்துவிட்டு, நிமிர்ந்து நடந்து தன் தொழிலுக்குத் திரும்பியபோது, அவன் பாசினியின் பெயரை அறிந்திருக்கவும் மாட்டான். அறியாது நலம் பெற்ற அத்தகைய எண்ணற்றவரே அவருக்கு நிலைத்த நினைவுச் சின்னம். இந்நோயை இன்றும் மறைத்து வருந்துவோர், நாணத்தை விடுத்துக் காலத்தே வைத்தியரை அடைவாராயின், அவர் பட்ட பாடு அவர்க்கும் பயன்பட்டதாகும்.